வீட்டுப் பெயருக்கு முளைத்த வால்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு சின்ன ஜங்ஷன் வரும். அங்கே ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மாடியில்தான் எங்கள் பாலியேட்டிவ் சங்கத்தின் ஆபீஸ். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதும், தண்ணீர்ப் படுக்கை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின் போன்றவற்றை இரவலாகக் கொடுத்து வாங்குவதும் சங்கத்தின் வேலை. நான் அங்கே கோஆர்டினேட்டர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். போன் எடுப்பது, பட்டியல் போடுவது, வேன் டிரைவருக்கு வழி சொல்வது, கமிட்டி கூடினால் சாயாவும் பழம்பொரியும் வரவழைப்பது, எல்லாம் சேர்ந்தால் அந்தப் பதவி.

சங்கத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. ஆக்சிஜன் மெஷின் வேண்டும் என்பவர்கள் அதிலேயே விண்ணப்பம் போடலாம். மெஷின்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். அதனால் முதலில் கேட்டவருக்கு முதலில் என்று வரிசை. டாக்டர் சொன்னால் மட்டும் ஒருவரை ‘அவசரம்’ என்று மாற்றி மேலே கொண்டுவரலாம். சங்கத்தில் அந்த அதிகாரம் என் லாகினுக்குத்தான். டிரைவரும் வாலண்டியர்களும் போனில் பட்டியலைப் பார்க்கலாம், தொட முடியாது. தலைவருக்கோ கம்ப்யூட்டர் என்றாலே ஜுரம் வரும்.

இதில் வீட்டுப் பெயர்ச் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் தங்கள் பெயரைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், வீட்டுப் பெயரை விட மாட்டார்கள். மேலேவிளை வடக்கேக்கரை புத்தன்வீடு என்று அது பாட்டுக்கு நீளும். பாதி மலையாளம், பாதி தமிழ், நடுவில் இங்கிலீஷ் எழுத்து, சாய்வாக ஒரு கோடு, ஒரு பிராக்கெட். ஆரம்பத்தில் வெப்சைட் இந்தக் கோடு பிராக்கெட்டையெல்லாம் ஏற்காமல் துப்பியது. ஒருவர் ஆபீசுக்கே ஏறி வந்துவிட்டார். “வடக்கேக்கரைய வெட்டினா அது எனக்க சித்தப்பன் வீடாக்கும். அவனுக்கும் எங்களுக்கும் கோர்ட்டுல கேஸு உண்டு, தெரியுமா?” என்று கத்தினார். கமிட்டி கூடி, வீட்டுப் பெயர்க் கட்டத்தில் யார் என்ன எழுதினாலும் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. சாப்ட்வேர் செய்து கொடுத்தவர்களும் சரி என்று அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். பழம்பொரியோடு அந்தக் கூட்டம் சந்தோஷமாக முடிந்தது.

அந்த மழைக்காலத்தில் வரிசையில் முதலில் இருந்தவர் குளத்தூர்ப் பக்கத்து ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவர். நுரையீரல் கெட்டு, காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே போயிருந்த மெஷின் ஒன்று அடுத்த வாரம் திரும்பி வருவதாக இருந்தது. அது இவருக்குத்தான் என்று அவர் மனைவியிடம் நானே போனில் சொன்னேன்.

மறுநாள் காலையில் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன், அவர் இரண்டாவது. முதலில் வேறொருவர், ‘அவசரம்’ என்ற சிவப்பு எழுத்தோடு. அந்த வேறொருவர் யார் என்று பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகள், நான் மைனி என்று கூப்பிடுகிறவர். அவருக்கும் மூச்சிரைப்புதான், அவருக்கும் மெஷின் வேண்டும்தான், ஆனால் அவர் பெயர் பட்டியலில் ரொம்பக் கீழே இருந்தது.

நாம்தான் கை தவறி எதையோ அழுத்திவிட்டோம் என்று நினைத்து, பழையபடி மாற்றி வைத்தேன். அடுத்த நாள் காலையில் திறந்தால் மறுபடியும் மைனிதான் முதலில். அன்றைக்குப் பார்த்துத் தொழிலாளியின் மனைவி போன் செய்தார். நான் பொய் சொல்லத் தெரியாமல், இப்போது இரண்டாவது என்று உளறிவிட்டேன். மத்தியானம் மழையில் நனைந்தபடி படியேறி வந்து நின்றார்.

“முந்தாநாளு ஒண்ணாவதுன்னு செல்லினது நீங்கதான? இண்ணைக்கு ஆரு மேல ஏறினது? ஒங்க மாப்பிளைக்க அக்காளுக்குத்தான் மூச்சு வேணும், எனக்க மாப்பிளைக்கு வேண்டாம், அப்பிடித்தான?”

யார் இவரிடம் உறவுமுறை சொன்னார்களோ தெரியாது. எங்கள் ஊரில் அதற்கு வெப்சைட் தேவையில்லை. கீழே ரப்பர் ஷீட் எடை போட்டுக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். நான் செய்யவில்லை என்று சொன்னேன். அது என் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

எங்கள் தலைவர் ரிட்டயரான வாத்தியார். நல்ல மனிதர். அவர் சாப்ட்வேர்க்காரர்களுக்குப் போன் போட்டார். யார் எப்போது எதைத் திறந்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதையெல்லாம் அந்த வெப்சைட் தானாகவே குறித்து வைக்குமாம். ஆடிட் லாக் என்று பெயர். அவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்ன பதிலைத் தலைவர் என்னிடம் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. “மாற்றம் எல்லாம் உன் லாகின்ல இருந்துதானாம், மக்கா. சனியாழ்ச்ச கமிட்டி கூடுது. சாப்ட்வேர் ஆளு நேர்ல வருவாரு.”

சனிக்கிழமை வரைக்கும் நான் வேலைக்கு வரலாம் என்று பெருந்தன்மையாக விட்டார்கள். ஆனால் கமிட்டி உறுப்பினர் ஒருவர் தினமும் காலையில் வந்து என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கையில் பேப்பர், கண் என் ஸ்கிரீனில். நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கும். இவ்வளவு காவல் இருந்தும், அவர் கண் முன்னால் நான் வரிசையைச் சரி செய்து வைத்தும், அடுத்த தடவை திறக்கும்போது மைனி மேலே ஏறி உட்கார்ந்திருப்பார். “பாத்தியா, அவ போனுல இருந்து செய்யுதா,” என்று அவர் யாரிடமோ கிசுகிசுத்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது.

சந்தேகப்படுகிறவர்களுக்கு நடுவில் இருந்தால் நமக்கும் அது தொற்றிக்கொள்ளும். நான் முதலில் வேன் டிரைவரைச் சந்தேகப்பட்டேன். என் பாஸ்வேர்டை முதன்முதலில் போட்டுத் தந்தவன் அவன்தான். சொந்தத் தம்பி மாதிரி பழகுகிறவன். அவனிடம் சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினேன். கிலோமீட்டர் கணக்கை என் லாகினில்தான் அவன் போடுவான். உள்ளே போக முடியாமல் என்னிடம் வந்து நின்றபோது அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“தள்ளே! எனக்க மேலயும் சம்சயமா அக்கா?” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அன்றிலிருந்து சாயா குடிக்கக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

புது பாஸ்வேர்ட் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியும் அடுத்த நாள் மைனி முதலில். டிரைவர் இல்லை என்றால், பிறகு யார்? என் போனில் அந்த வெப்சைட் எப்போதும் திறந்தே இருக்கும். போன் வீட்டில் மேசை மேல் கிடக்கும். வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருடைய அக்காதான் வரிசையில் ஏறுகிறார். யோசித்துப் பார்த்தேன். யோசிக்காமல் இருந்திருக்கலாம்.

அன்று மத்தியானம் அவர் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்றுகொண்டே கேட்டேன். “இஞ்சேருங்க, எனக்க போனை எடுத்து ஏதாவது செய்தியளா? அக்காளுக்காக?”

அவர் கை தட்டிலேயே நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். “ஊரே உன்னச் செல்லுது. நான் உன்ன ஒரு வார்த்த கேட்டேனா?” என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மீதி மரச்சீனி தட்டில் அப்படியே இருந்தது. எனக்கு அதை எடுத்துக் கொட்டக்கூடக் கை வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் அந்த ஆடிட் லாக்கின் பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்தார். குற்றப்பத்திரிகையை முன்கூட்டியே காட்டுகிற மரியாதை. “வாசிச்சுப் பாரு. ஏதாவது செல்லதுக்கு இருந்தா நாளைக்குச் செல்லலாம்,” என்றார். பக்கம் பக்கமாக என் பெயர். அத்தனை இடத்தில் என் பெயரை நான் கல்யாணப் பத்திரிகை அடுக்கில்கூடப் பார்த்ததில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. ஆனால் என் வேலை எனக்குத் தெரியும். ஒருவரை அவசரம் என்று மாற்ற வேண்டுமானால் முதலில் பட்டியலைத் திறக்க வேண்டும். பிறகு அந்த நோயாளியின் பெயரைத் தொட்டு அவருடைய பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்தில்தான் அவசரம் என்ற பொத்தான் இருக்கும். நான் உண்மையாகவே மாற்றிய மற்ற நோயாளிகளுக்கு லாகில் அப்படியே வரிசையாக இருந்தது: பட்டியல் திறக்கப்பட்டது, நோயாளியின் பக்கம் திறக்கப்பட்டது, அவசரமாக மாற்றப்பட்டது. மைனியின் பெயருக்கு மட்டும் நடு வரியைக் காணவில்லை. பட்டியல் திறக்கப்பட்டது, உடனே மாற்றப்பட்டது. ஒரு இடத்தில் அல்ல, எல்லா இடத்திலும் அப்படியே. கதவைத் திறக்காமல் ஒருத்தி வீட்டுக்குள் எப்படிப் போவாள்?

சனிக்கிழமை சாப்ட்வேர்க்காரர் திருவனந்தபுரத்திலிருந்து வந்தார். இளைஞர்தான். மழையில் நனையாத ஷூ, யாரிடமும் ஒட்டாத மலையாளம். தொழிலாளியின் மனைவியையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மூலையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கண்டுபிடித்த விஷயத்தைச் சொன்னேன். நாக்கு குழறியது. அந்த இளைஞர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் லாக் பொய் சொல்லாது என்றார், ஒரு வரி விட்டுப்போவது சகஜம் என்றார், லாகின் உங்களுடையதுதானே என்றார். என் பின்னால் காவல் இருந்த பேப்பர்க்காரர் பலமாகத் தலையாட்டினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்து பயந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. “அப்பிடின்னா சாரே, நான் இப்ப எல்லாரும் பாக்க வரிசையைச் சரியாக்கி வைக்கேன். அதுக்குப் பெறவு நான் கம்ப்யூட்டரத் தொடமாட்டேன். சாரே சாருக்க லாகின்ல போயி ஒரு வாட்டி தொறந்து பாருங்க,” என்றேன்.

இதில் என்ன வந்துவிடப்போகிறது என்கிற மாதிரி அவர் சம்மதித்தார். நான் வரிசையைச் சரி செய்து, வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவர் தன் லாகினில் உள்ளே போனார். பட்டியலைத் திறந்தார். எங்கள் கம்ப்யூட்டர் யாரோ தானமாகத் தந்தது, எதற்கும் அவசரப்படாது. வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பட்டியல் வந்தது. தொழிலாளிதான் முதலில் இருந்தார்.

“கண்டோ?” என்று பேப்பர்க்காரர் எழுந்தேவிட்டார்.

நானே என் கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டேனோ என்று தோன்றியது. அந்த இளைஞர் வேலை முடிந்த முகத்தோடு பட்டியலை மூடப்போனார். மூடுவதற்கு முன் எதற்கோ ஒரு தடவை ரிப்ரெஷ் செய்தார். வட்டம் மறுபடியும் சுற்றியது. மைனி முதலில் வந்துவிட்டார், சிவப்பு எழுத்தோடு.

இளைஞர் படபடவென்று லாகைத் திறந்தார். கடைசி வரியில், அவசரமாக மாற்றியவர் என்ற இடத்தில், அவருடைய பெயர் இருந்தது.

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் போய் வாசித்தார். வாத்தியார் அல்லவா, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிறகு ரொம்ப சாந்தமாகக் கேட்டார். “சாரே, இப்ப இது சார் செய்ததாக்குமா?”

இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அந்த இளைஞரின் முகம் கறுத்துவிட்டது. நான் ஒரு வாரமாகச் சுமந்த முகம் அது, எனக்கு நன்றாகத் தெரியும். “ஞான் ஒந்நும் செய்திட்டில்ல...” என்று அவர் சொன்னபோது அவர் குரலும் என்னுடையதைப் போலவே பொய்யாகக் கேட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் மழுப்பவில்லை. உட்கார்ந்து தேடினார். மைனியின் விண்ணப்பத்தைப் பிரித்து, ஸ்கிரீனில் தெரிகிற மாதிரி அல்லாமல் உள்ளே எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். வீட்டுப் பெயர்க் கட்டத்தில் முதலில் அவர்கள் வீட்டின் நீளமான பெயர் ஒழுங்காக இருந்தது. அதற்குப் பின்னால் இங்கிலீஷில் வால் மாதிரி ஏதோ நீண்டுகொண்டே போனது. அது பெயர் இல்லை, கம்ப்யூட்டருக்கான கட்டளை என்றார். பட்டியலை யார் திறந்தாலும் அவர்களுடைய ஸ்கிரீனுக்கு அந்தக் கட்டளையும் சேர்ந்து வரும். கண்ணுக்குத் தெரியாது. திறந்தவருக்கு மாற்றும் அதிகாரம் இருந்தால், அவர் பெயரிலேயே சத்தமில்லாமல் மைனியை அவசரமாக மாற்றிவிடும்; மாற்றம் அடுத்த தடவை திறக்கும்போதுதான் தெரியும். அதற்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், நோயாளியின் பக்கத்தைத் திறக்கவும் வேண்டாம். கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர் சொன்னார். அழிக்கிற வரைக்கும் அங்கேயே தங்கியிருந்து, திறக்கிறவர் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்துக்கொண்டே இருக்குமாம். நான் தினமும் காலையில் பட்டியலைத் திறந்து திறந்து எனக்கு எதிராக நானே சாட்சி சேர்த்திருக்கிறேன்.

வீட்டுப் பெயரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று தீர்மானம் போட்ட கமிட்டி முழுதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பேப்பர்க்காரர் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். இளைஞர் என் பக்கம் திரும்பி, “சேச்சி, சாரி,” என்றார். நடு வரி இல்லை என்று நான் சொன்னபோதே பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

விண்ணப்பத்தைப் போட்டது மைனியின் மருமகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தலைவர் போனில் கேட்டதற்கு முதலில் ஒன்றும் தெரியாது என்றார். பிறகு, வீடியோ காலில் அத்தைக்கு மூச்சு முட்டுவதைப் பார்த்ததாகவும், இவ்வளவு தூரத்திலிருந்து தன்னால் செய்ய முடிந்தது அதுதான் என்றும் சொல்லி அழுதாராம். இன்னொருவர் மூச்சு முட்டுவது வீடியோவில் வரவில்லை, என்ன செய்வது. போலீசுக்குப் போக வேண்டாம் என்று கமிட்டி விட்டுவிட்டது. மைனிக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்ததும் அவரே எனக்குப் போன் செய்தார். “மக்கா, மிஷினு அந்த ஆளுக்கே குடு. நான் எனக்க முறைக்கு வேங்கிக்கிடுதேன்,” என்று விட்டு விட்டுச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. அவரை என்னால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கான மெஷின் பிறகு வேறொரு சங்கத்திலிருந்து கிடைத்தது. அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தது என் வீட்டுக்காரர்.

தொழிலாளிக்கான மெஷின் திரும்பி வந்த அன்றே வேனில் நானும் ஏறிக் குளத்தூருக்குப் போனேன். டிரைவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, “அக்கா, ஒரு சாயா?” என்றான். அந்த ஒரு சாயாவுக்கு நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

தொழிலாளியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து படுக்க வைத்திருந்தார்கள். மெஷினை மாட்டியதும், கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டில் நிறம் வந்தது. அவர் மனைவி என்னை வாசல் வரை வழியனுப்ப வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் கேட்கவில்லை.

“பெங்களூருல இருக்கவன எனக்குத் தெரியாதுல்லா அக்கா. எனக்கு ஒங்களத்தான் தெரியும். அதுனால ஒங்களப் பேசினேன்,” என்றார்.

முதலில் எனக்குச் சுருக்கென்றது. வேனில் திரும்பி வரும்போது யோசித்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கும் டிரைவரைத் தெரியும், அதனால் அவனைச் சந்தேகப்பட்டேன். என் வீட்டுக்காரரை அவனைவிட நன்றாகத் தெரியும், அதனால் அவரை நேராகவே கேட்டுவிட்டேன். அந்த லாகுக்கும் உள்ளே வந்தவளைத்தான் தெரியும், அதனால் என் பெயரை எழுதிக்கொண்டது.

வீட்டுப் பெயர்க் கட்டத்தில் இப்போது எதை எழுதினாலும் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், வால் ஆடாது. கோடு, பிராக்கெட் எல்லாம் போடலாம், சண்டை இல்லை. வீட்டில் சர்க்கரை டப்பா காலியானால் அவர், “லாகைப் பாரு, ஆரு எடுத்ததுன்னு தெரியும்,” என்று என்னைக் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன். ஆனால் அன்று மரச்சீனித் தட்டுக்கு முன்னால் நான் கேட்ட கேள்வியைப் பற்றி மட்டும் அவர் இதுவரை கிண்டல் செய்ததில்லை. லாகில் மைனிக்காக என் பெயரில் வந்தவை எதையும் நான் செய்யவில்லை. அந்த ஒரு கேள்வியை மட்டும் நானே கேட்டேன், அதில் என் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.